கற்பிட்டிக்குப் போகக் காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

கொழும்பிலிருந்து கற்பிட்டிக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் லீவைப் பார்க்கிறார்கள், அடுத்து தங்குமிடத்தைப் பார்க்கிறார்கள், காற்றை மட்டும் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு டொல்பின் காட்டலாம் என்று ஜூலையில் போனால் கொந்தளிக்கும் கடலைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நீர்மேல் ஓடும் கைட் பழகலாம் என்று ஏப்ரலில் போனால் அசையாத தென்னோலைக்குக் கீழே மூன்று நாள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊர் ஒன்றே என்றாலும் அங்கே கிடைப்பது மாதத்துக்கு மாதம் வேறு. அதனால் இந்த வழிகாட்டி காற்றிலிருந்து தொடங்குகிறது.

கற்பிட்டி வடக்கு நோக்கி நீண்டு ஒடுங்கிய நிலத்துண்டு. மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு. கடலும் களப்பும் ஒரே நாளில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். கடலில் ஆளுயர அலை அடிக்கும் நாளிலும் களப்பில் முழங்காலளவு நீர் தட்டையாகக் கிடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் திட்டம் தானாக வந்துவிடும்.

எந்த மாதம் எதற்கு

மே முதல் செப்டெம்பர் வரை, சில வருடங்களில் ஒக்டோபர் வரையும், தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். நாள் முழுக்க அடிக்கும், பலமாக அடிக்கும். கைட் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இதுதான் பெரிய பருவம். திறந்த கடலில் குளிப்பதற்கும் டொல்பின் பார்ப்பதற்கும் பவளப்பாறை பார்ப்பதற்கும் இந்த மாதங்களில் போகவேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு போட் இறக்க யாராவது முன்வந்தாலும் ஏறவேண்டாம்.

ஒக்டோபர் கடைசியும் நவம்பரும் இடைப்பருவம். காலையில் வெயிலாக இருக்கும், பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். இந்த நாட்களில் எதைச் செய்வதானாலும் மத்தியானத்துக்கு முன் முடித்துவிடுங்கள். திறந்த களப்பிலும் வெட்டவெளிக் கரையிலும் உங்களைவிட உயரமாக எதுவும் இராது, மின்னலுக்கு அது போதும்.

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை வடகிழக்கிலிருந்து வாடை. சோளகத்தைவிட மென்மையானது, பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகே வலுக்கும். கொழும்பில் வேலை செய்யும் குடும்பத்துக்கு நாங்கள் முதலில் சொல்வது ஜனவரி, பெப்ரவரி. காலையில் கடல் அடங்கியிருக்கும்போது டொல்பின், பின்னேரம் காற்று எழுந்ததும் களப்பில் கைட் என்று இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடிகிற மாதங்கள் இவை மட்டும்தான்.

மார்ச் கடைசியும் ஏப்ரலும் காற்று ஓயும் காலம். கடல் கண்ணாடி போலிருக்கும். முகமூடி போட்டுப் பவளப்பாறை பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. வெயில் மட்டும் கொடுமையாக இருக்கும்.

புறப்படுவதற்கு முந்தின இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலைப் பாருங்கள். புத்தளம் முதல் மன்னார் வரையான பகுதிக்கு எச்சரிக்கை இருந்தால் கடல் பயணத்தை மறந்துவிட்டுக் களப்புக்கு மட்டும் திட்டம் போடுங்கள். காற்றின் வேகத்தை முன்கூட்டியே காட்டும் செயலிகளும் உதவும். அவற்றில் வேகம் நொட் கணக்கில் இருக்கும். 1 நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். காலை 7 மணிக்கு 8 நொட்டுக்குக் கீழே என்றால் டொல்பினுக்கு நல்ல நாள். 15க்கு மேல் என்றால் போட்டில் முழுக்க நனைவீர்கள், வாந்தியும் எடுப்பீர்கள்.

போகும் வழி

கொழும்பிலிருந்து கற்பிட்டிக்குச் சுமார் 165 கிலோமீற்றர். சொந்த வாகனம் என்றால் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி, நீர்கொழும்பு, சிலாபம், முந்தல், மதுரங்குளி வழியாகப் புத்தளம் வீதியில் வாருங்கள். புத்தளம் நகருக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தி வரும். அங்கே இடது பக்கம் திரும்பினால் இன்னும் 40 கிலோமீற்றரளவு. சந்தியைத் தவறவிட்டு நேரே புத்தளத்துக்குள் போய்விடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மொத்தம் நான்கு மணித்தியாலம் வையுங்கள். கொழும்பில் காலை 5 மணிக்கு முன் கிளம்பினால் சிலாபத்தில் காலைச் சாப்பாடு, வெயில் ஏறுமுன் கற்பிட்டி. சிலாபத்திலிருந்து மூன்று கிலோமீற்றரில் முன்னேஸ்வரம். கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் என்றால் புறக்கோட்டையில் ஏறவேண்டும். கற்பிட்டிக்கு நேரடி பஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் புத்தளம் போகும் பஸ்ஸில் ஏறி, பாலாவியில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டி பஸ்கள் உண்டு. இரவில் அந்தத் தொடர்பு குறைந்துவிடும், ஆகவே பாலாவிக்குப் பொழுதுபட முன் வந்து சேரும்படி நேரம் பாருங்கள். புகையிரதமும் புத்தளம் பக்கம் போகிறது, ஆனால் மெதுவானது. இரண்டு நாள் பயணத்தில் ஒரு பாதி நாளை அதற்குக் கொடுப்பது நட்டம்.

பாலாவியைத் தாண்டியதும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் கரையோரக் காற்றாலைகளும் தெரியத் தொடங்கும். காற்றாலைகளைக் கவனியுங்கள். அவை எப்போதும் காற்று வரும் திசைக்கு முகம் காட்டி நிற்கும். மேற்கே கடலைப் பார்த்து வேகமாகச் சுற்றினால் அன்றைக்குக் கடல் உங்களுக்கில்லை. முகம் கிழக்கே இருந்து மெதுவாகச் சுற்றினால் அடுத்த நாள் காலை போட்டுக்குச் சொல்லிவைக்கலாம்.

தலவில புனித அன்னாள் தேவாலயத்தின் பெருநாட்கள் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் வரும். அந்த நாட்களில் நாடெங்குமிருந்து யாத்திரிகர்கள் இதே ஒற்றை வீதியால்தான் வருவார்கள். பெருநாளுக்கென்றே போகாவிட்டால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

ஊருக்குள்

கற்பிட்டியில் தமிழ் போதும். ஊரில் பெரும்பாலானோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். தமிழ் பேசும் கத்தோலிக்கரும் இந்துக்களும், பருவத்துக்கு வந்து கரையில் மீன்வாடி போட்டுத் தங்கும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்கள மீனவர்களும் இருக்கிறார்கள். வயதில் மூத்த போட்காரரை ‘நானா’ என்றோ ‘அண்ணே’ என்றோ கூப்பிட்டுப் பேசத் தொடங்கினால் விலையும் விவரமும் வேறு மாதிரி வரும். கொழும்புத் தமிழர் இங்கே வந்தும் அரைகுறை ஆங்கிலத்தில் விலை கேட்பது எங்களுக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் ஊருக்குள் சாப்பாட்டுக் கடை கிடைப்பது கஷ்டம், தங்குமிடத்திலேயே சொல்லிவையுங்கள். குளிக்கும் உடுப்போடு ஊருக்குள் நடக்கவேண்டாம். கரையில் என்ன உடுத்தாலும் கடைத்தெருவுக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். பல இடங்களில் கிணற்று நீர் உவர்ப்பு, குடிநீரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு எடுப்பதானால் கற்பிட்டி நகரத்திலேயே எடுத்துவிடுங்கள். கண்டக்குழி, ஆலங்குடா பக்கத்துக் கரைகளில் கார்டை நம்பி இருக்க முடியாது.

டொல்பின் பார்க்க

இங்கே கூட்டமாக வருபவை ஸ்பின்னர் டொல்பின்கள். நீரிலிருந்து எழும்பித் தம்மைத் தாமே சுழற்றிக்கொண்டு விழும் இனம். நல்ல நாளில் நூற்றுக்கணக்கில் தெரியும். மார்ச், ஏப்ரலில் அதிர்ஷ்டம் இருந்தால் ஆழ்கடல் விளிம்பில் ஸ்பேர்ம் திமிங்கிலமும் காணலாம், ஆனால் அதற்கென்று வாக்குக் கொடுக்கும் போட்காரரை நம்பவேண்டாம்.

போட் விடிந்து ஆறரை, ஏழு மணிக்குள் கரையை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு காற்று எழும்பும். காற்று எழும்பினால் அலைத்தலைகள் வெள்ளையாக உடையும், அந்த வெள்ளைக்கு நடுவே டொல்பினின் முதுகைக் கண்டுபிடிக்க முடியாது. போய்வர இரண்டு முதல் மூன்று மணித்தியாலம்.

முந்தின நாள் பின்னேரமே போட்டைப் போய்ப் பாருங்கள். பேசவேண்டியவை இவை. விலை தலைக்கா, முழுப் போட்டுக்கா. எத்தனை பேர் ஏற்றுவார்கள்; சாதாரண பைபர் மீன்பிடிப் போட்டில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். உல்லாசப் பயணிகளை ஏற்ற அனுமதி உண்டா. ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜக்கட் உண்டா. கடைசிக் கேள்விக்கு ‘உண்டு’ என்ற பதில் போதாது, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் போட்டு வாரை இறுக்கிய பின் ஜக்கட்டின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜக்கட் காதளவுக்கு ஏறினால் அது பெரியவருடையது. நீரில் விழுந்தால் பிள்ளை கீழே போகும், ஜக்கட் மேலே மிதக்கும்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்தி மாத்திரையைப் போட் ஏறுவதற்கு ஒரு மணித்தியாலமாவது முன்னால் போடவேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பின் போட்டால் அது வெளியேதான் வரும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. இரண்டு துண்டுப் பாண் அல்லது பிஸ்கட் போதும். போட்டின் முன்பகுதிதான் அதிகம் எழும்பி விழும், ஆகவே இவர்கள் பின்னால் என்ஜினுக்கு முன்பாக உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தை விட்டுவிடுவதே நல்லது. அலையில் போட் தட்டும் ஒவ்வொரு தட்டும் நேரே முதுகெலும்பில் ஏறும்.

டொல்பினைத் துரத்தவேண்டாம் என்று கரையிலேயே போட்காரரிடம் சொல்லிவிடுங்கள். பயணிகள் கத்தினால்தான் சந்தோசப்படுகிறார்கள் என்று நினைத்தே பலர் கூட்டத்துக்குக் குறுக்கே போட்டை விடுகிறார்கள். குறுக்கே போனால் கூட்டம் ஆழத்துக்கு இறங்கிவிடும், கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. கூட்டம் போகும் திசையிலேயே, ஐம்பது மீற்றராவது தள்ளி, மெதுவாகப் பக்கவாட்டில் போனால் அவையே போட்டின் மூக்குக்கு விளையாட வரும். அவை இருக்குமிடத்தில் நீரில் குதிக்கவும் வேண்டாம், சாப்பாடு போடவும் வேண்டாம்.

பவளப்பாறை

கற்பிட்டிக்கு மேற்கே, கடலுக்குள், பார் ரீஃப் பவளப்பாறைத் தொடர் இருக்கிறது. 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு. போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியதால் ஆழமற்ற பகுதியின் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் இறந்தன. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அந்த நிறங்களைத் தேடிப் போனால் ஏமாற்றமே. மீன்கள் இருக்கின்றன, மெல்ல மெல்லத் துளிர்க்கும் பவளமும் இருக்கிறது. துளிர்க்கும் பவளத்தில் ஒரு கால் பட்டால் பல வருட வளர்ச்சி நொறுங்கும். அதனால் நீந்தத் தெரியாதவர்கள் போட்டிலேயே இருங்கள். தெரிந்தவர்களும் பாறைமேல் நிற்கவேண்டாம், களைத்தால் ஜக்கட்டில் மிதவுங்கள். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்குவதைவிட நீளக்கை ரஷ் கார்ட் உடுப்பு மேல். முதுகும் பின்னங்காலும்தான் அதிகம் எரியும்.

முகமூடியை வாடகைக்கு எடுக்கும்போது வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. மீசை, தாடி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நீர் கசியத்தான் செய்யும். கண்ணாடியின் உட்புறத்தில் எச்சில் தேய்த்துக் கடல்நீரில் அலசினால் ஆவி படியாது.

கைட்

கைட் சேர்ஃபிங் என்பது காலில் பலகை, இடுப்பில் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டி, இருபது மீற்றருக்கு மேல் நீளமான கயிறுகளின் மறுமுனையில் காற்று நிரப்பிய பெரிய பட்டம். கற்பிட்டிக் களப்பு இதற்குப் பெயர்பெற்றதற்குக் காரணம் எளிது. காற்று இருக்கிறது, அலை இல்லை, விழுந்தால் எழுந்து நிற்கலாம்.

ஒரு வார இறுதியில் பழகிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். புதியவர் பலகைமேல் எழுந்து ஓட ஒன்பது முதல் பன்னிரண்டு மணித்தியாலப் பயிற்சி வேண்டும். காற்று ஒத்துழைத்தால் அது மூன்று அல்லது நான்கு நாள். போயா லீவோடு இரண்டு நாள் சேர்த்தெடுப்பவர்கள் அந்தக் கணக்கில் வரலாம். இரண்டு நாள் மட்டும் உள்ளவர்கள் அறிமுக வகுப்பை எடுத்துவிட்டு, இன்னொரு முறை வந்து தொடருங்கள். முழுப் பாடநெறிக்கும் பணம் கட்டிவிட்டு அவசரப்படுகிறவர்களுக்குத்தான் காயம் வருகிறது. பயிற்றுநரிடம் ஐ.கே.ஓ. என்ற சர்வதேச கைட் அமைப்பின் சான்றிதழ் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், மீட்புக்குப் போட் நிற்கிறதா, காற்று இல்லாமல் போனால் பணம் திரும்புமா அல்லது வேறு நாள் தருவார்களா என்பதையும் கேளுங்கள்.

பயிற்சியின் ஒழுங்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கரையில் சின்னப் பட்டம். வானத்தை ஒரு மணிக்கூட்டின் மேல்பாதியாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பட்டம் உச்சியில் 12 மணியில் இருந்தால் இழுவை குறைவு. 10, 2 என்று சரியச் சரிய இழுவை கூடும். இதைக் கண்ணால் பார்க்காமலே கையால் உணரும்வரை கரையை விட்டு இறங்கவேண்டாம். அடுத்து, பலகை இல்லாமல் உடம்பை மட்டும் நீரில் இழுக்க விடுவது. கைவிட்டுப் போன பலகையை மீட்க உதவும் திறமை இதுவே, சலிப்பாக இருக்கிறதென்று தாண்டவேண்டாம். கடைசியில்தான் பலகை.

பட்டத்தின் அளவு உடல் எடையையும் காற்றையும் பொறுத்தது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 15 நொட் காற்றில் 12 சதுர மீற்றர், 20 நொட்டில் 9, 25ஐத் தாண்டினால் 7 என்பது தோராயக் கணக்கு. சோளகத்தில் சின்னப் பட்டம், வாடையில் பெரியது என்று வருவது இதனால்தான்.

பிழை நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பயந்தவர் கையிலுள்ள பாரை, அதாவது கயிறுகள் பூட்டிய பிடிகோலை, இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். பாரைத் தன் பக்கம் இழுத்தால் பட்டம் இன்னும் பலமாக இழுக்கும். விட்டால் அடங்கும். விழப்போகிறவன் எதையாவது பற்றிக்கொள்வது மனித இயல்பு, அந்த இயல்புக்கு எதிராகக் கையைப் பழக்க வேண்டும். கரையில் நிற்கும்போதே ‘விடு’ என்று சொன்னதும் இரண்டு கையையும் எடுக்கும் பயிற்சியை இருபது தடவை செய்யுங்கள். அடுத்தது குயிக் ரிலீஸ், பட்டத்தின் இழுவையிலிருந்து உங்களைச் சட்டென்று விடுவிக்கும் பூட்டு. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கத் தெரியாமல் பட்டத்தை மேலே ஏற்றவேண்டாம். ஏற்றுமுன் நான்கு கயிறுகளையும் விரலால் கோதிக்கொண்டே முனைவரை நடந்து பாருங்கள். ஒரு கயிறு மாறிப் பூட்டியிருந்தால் பட்டம் ஏறிய கணத்திலேயே சுழன்று தரையில் மோதும், அதோடு சேர்த்து உங்களையும் இழுக்கும்.

தலைக்கவசமும் காலுக்கு நீர்ச்சப்பாத்தும் கட்டாயம். களப்பின் அடியில் சிப்பி ஓடுகள் பிளேட் மாதிரி வெட்டும். மணற்பாங்கில் திருக்கை படுத்திருக்கலாம், அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். அதிர்வு பட்டால் அது விலகிப் போகும். மிதித்தால்தான் முள் ஏறும். ஏறிவிட்டால் தாங்கக்கூடிய சூட்டிலுள்ள நீரில் காலை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்திருந்து வலியைத் தணித்து, பிறகு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உடைந்து உள்ளே நிற்கும் முள்ளை நீங்களே கிண்டவேண்டாம்.

பார்க்க வந்த குடும்பத்தினர் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும், காற்று போகும் பக்கம் அல்ல. பட்டம் விழுவதும் கயிறு வீசுவதும் காற்றுப் போகும் பக்கத்திலேதான். இழுபடும் கயிறு தோலை வெட்டும். பிள்ளைகளைக் குறைந்தது ஐம்பது மீற்றர் தள்ளி வையுங்கள்.

களப்பில் கம்பு நட்டுக் கட்டிய வலைகள் பல இடங்களில் உண்டு. அவை யாரோ ஒருவரின் அன்றைய சோறு. பட்டக்கயிறு சிக்கிவிட்டால் அறுத்துக்கொண்டு போகாமல், வலைக்காரரைத் தேடிச் சொல்லி, நட்டத்தைக் கொடுத்துவிடுங்கள். மீனவருக்கும் பட்டக்காரருக்கும் இடையிலுள்ள இணக்கம் அப்படித்தான் நிலைக்கும்.

கைட் வேண்டாம் என்பவர்களுக்குக் களப்பில் கயாக் இருக்கிறது. காலையில் போங்கள். முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள், களைத்த பின் காற்றே திருப்பிக் கொண்டுவந்து விடும். மாற்றிச் செய்தவர்கள் கரையேறக் கயிறு கேட்டுக் கத்துவார்கள்.

கடலில் குளிப்பதானால்

கண்டக்குழி, ஆலங்குடாக் கரைகள் திறந்த கடலைப் பார்த்தவை. சோளகக் காலத்தில் முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம். மற்ற மாதங்களிலும் இறங்குமுன் ஐந்து நிமிடம் நின்று நீரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவே ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல் கலங்கிக் கிடந்தால் அங்கேதான் நீர் கடலுக்குள் திரும்பிப் போகிறது. அமைதியாகத் தெரிவதால் மக்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். இழுபட்டால் கரையை நோக்கி நீந்தவேண்டாம், கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பட்டையிலிருந்து வெளியே வந்த பின் கரைக்குத் திரும்புங்கள்.

வாடைக் காலத்துக்கு வேறொரு ஆபத்து உண்டு. காலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கரையோர நீர் குளம் மாதிரித் தட்டையாக இருக்கும், அதனால் பிள்ளையைக் காற்றடைத்த வளையத்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். இலேசான வளையத்தைக் காற்று நடக்கும் வேகத்தில் வெளியே கொண்டுபோகும். கடலில் காற்றடைத்த வளையம் வேண்டவே வேண்டாம். அதைக் களப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் கைக்கெட்டும் தூரத்தில்.

நொங்கு போன்ற ஜெலி மீன் பட்டு எரிந்தால் மணலால் தேய்க்கவேண்டாம், குழாய் நீரும் ஊற்றவேண்டாம். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை வங்கிக் கார்டின் விளிம்பால் எடுத்து, பின் சூடான நீர். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். கற்பிட்டியில் அரச வைத்தியசாலை உண்டு.

மீனவர் கரை

காற்று ஓய்ந்த மாதங்களில் காலையில் கரைவலை இழுப்பார்கள். வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு அணியாக நின்று மணிக்கணக்கில் இழுக்கும் வேலை. பார்க்கலாம், கேட்டுவிட்டுக் கயிற்றின் கடைசியில் கைகொடுக்கலாம். டிராக்டரில் சுற்றி இழுக்கும் இடங்களில் கயிற்றுப் பக்கமே போகவேண்டாம், அறுந்தால் சவுக்கு மாதிரி அடிக்கும். காயப்போட்ட வலையைத் தாண்டி நடக்காதீர்கள். மரியாதைக் குறைவு என்பது ஒன்று, வலைக்குள் தூண்டில் கிடந்து காலில் ஏறும் என்பது இன்னொன்று. படம் எடுக்குமுன் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கோட்டை நகரின் முனையில் நிற்கிறது. உள்ளே கடற்படை. வாயிலில் அடையாள அட்டையோடு கேட்டு, அனுமதித்தால், அவர்கள் சொல்லும் பாதையில் மட்டும் சுற்றி வாருங்கள்.

கருவாடும் மீனும் கொழும்புக்கு

கருவாடு வாங்காமல் கற்பிட்டியிலிருந்து யாரும் வருவதில்லை, பாதிப்பேர் ஏமாந்துதான் வருகிறார்கள். பின்னேரம் வாங்கவேண்டாம், பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். விரலால் தடித்த பகுதியை அழுத்துங்கள். குழி விழுந்தால் உள்ளே ஈரம், நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்கு. வீட்டில் நான்கு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். இளஞ்சிவப்புப் படலம் தெரிந்தால் உப்பில் வளரும் கிருமி பிடித்திருக்கிறது, தட்டிவிட்டுத் தந்தாலும் வேண்டாம். சின்னச் சின்ன ஓட்டையும் கீழே தூளும் இருந்தால் வண்டு. நெத்தலி வெள்ளியாக, வயிறு வெடிக்காமல் இருக்கவேண்டும். மஞ்சள் பாய்ந்தது கொழுப்புக் கசந்த பழசு. பந்தலில் காயவைத்ததா, மணலில் காயவைத்ததா என்று கேளுங்கள். மணலில் காய்ந்ததை எத்தனை தண்ணீரில் கழுவினாலும் பல்லில் நறுநறுக்கும். கட்டா, பாரை, திருக்கை இவை கொழும்புக் கடைகளைவிட இங்கே நன்றாகக் கிடைக்கும். பத்திரிகைத்தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பொலித்தீன் பை போட்டுக் கட்டுங்கள். ஒற்றைப் பையோடு பஸ்ஸில் ஏறினால் பாலாவி வருமுன்பே பக்கத்து சீற்றுக்காரர் எழுந்துவிடுவார்.

பச்சை மீன் கொண்டுவருவதானால் ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் முதலில், மீன் அடுத்து. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ். வாங்கிய இடத்திலேயே குடலையும் செவுளையும் எடுக்கச் சொல்லி, பொலித்தீனில் சுற்றி, அடியில் ஐஸ், மேலே மீன், மீண்டும் ஐஸ் என்று அடுக்குங்கள். அறுக்குளா, விளைமீன், பாரை நான்கு மணித்தியாலப் பயணத்தைத் தாங்கும். சூரை, கெலவல்லா, கும்பளா ஆகியவற்றில் கவனம் வேண்டும். இவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, உடம்பு சொறிந்து, தலையிடிக்கும். பிடித்த நேரத்திலிருந்து ஐஸில் இருந்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இந்த மூன்றையும் வாங்கவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்து ஒரு மணிக்குள் கிளம்புங்கள். பிந்தினால் நீர்கொழும்பில் நெரிசலுக்குள் மாட்டி, பெட்டியில் ஐஸ் கரையும். வழியில் சிலாபத்தில் நிறுத்தும்போது மூடியைத் திறந்து, கரைந்த நீரை வடித்து, ஒரு கிலோ ஐஸ் புதிதாகப் போட்டுக்கொண்டால் வெள்ளவத்தை வரை தாங்கும்.